பாறைமேல் அத்தை

துமாய்னிக்கு வாய் அதிகம் என்பது ஆருஷா நகரம் முழுக்கத் தெரிந்த விஷயம். மினிபஸ்ஸில் கண்டக்டராக இருந்த காலத்தில் அவள் கதவில் தொங்கிக்கொண்டு, "உசா ரிவர், உசா ரிவர், உட்கார்ந்துக்கிட்டே போகலாம் வாங்க!" என்று கூவினால், மடிமேல் மடியாக ஆட்கள் அடைந்து கிடக்கும் வண்டியில் இன்னும் நாலு பேர் நம்பி ஏறுவார்கள். அப்படி நம்பி ஏறியவர்களில் ஒருவன் காட்லிசன். பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார், பரம சாது. தினமும் தான் இறங்கவேண்டிய நிறுத்தத்தைத் தாண்டிப் போய்விடுவான்.

"வாத்தியாரே, உங்க பள்ளிக்கூடம் போயிடுச்சு," என்பாள் துமாய்னி.

"பரவாயில்லை. வண்டி திரும்பி வரும்போது இறங்கிக்கறேன்."

"பசங்களுக்குக் கணக்கு யாரு சொல்லித் தர்றது?"

"முதல் பீரியட் எனக்கு இல்லை."

முதல் பீரியட் அவனுக்குத்தான். பள்ளிக்கூட வாசலில் நின்று பஸ்ஸைப் பார்த்துக் கையாட்டிச் சிரித்த அவனுடைய மாணவர்களே காட்டிக்கொடுத்துவிட்டார்கள்.

காட்லிசனின் அம்மா அவினியா, கிளிமஞ்சாரோ சரிவில் மச்சாமே ஊரில் காப்பித் தோட்டமும் வாழையும் மாடுகளும் வைத்துக்கொண்டு தனி ஆளாக மூன்று பிள்ளைகளை ஆளாக்கியவள். மகன் சொன்ன பெண்ணைப் பற்றி விசாரித்துவிட்டு அவள் கேட்ட கேள்வி அந்தப் பக்கத்துச் சர்ச்சில் ரொம்ப நாள் சுற்றிக்கொண்டிருந்தது. "பஸ் கதவுல தொங்கற பொண்ணு நம்ம வீட்டுக் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போடுவாளா?"

கல்யாணம் நடந்தது. மறுநாள் காலை, காலை என்றுகூடச் சொல்லமுடியாது, கோழிகூட யோசித்துக்கொண்டிருந்த நேரம், ஜன்னலுக்கு வெளியே இடி விழுந்தது.

"எழுந்திரு! இதென்ன தூங்கற நேரமா? சூரியன் வாழைக்கு மேல வந்தாச்சு! மாடு பட்டினி கிடக்குது!"

துமாய்னியின் கால்கள் அவளைக் கேட்காமலே கட்டிலைவிட்டுக் குதித்தன. வெளியே வந்து பார்த்தால் சூரியனைக் காணோம். மாடுகளும் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தன.

மாமியாருக்கும் மருமகளுக்கும் அன்றைக்கு ஆரம்பித்த ஆட்டம் பிறகு நிற்கவே இல்லை. துமாய்னி குழம்பு வைத்தால், "இதுல வாழைக்காயை நீ போட்டியா, அதுவாத் தவறி விழுந்து செத்துதா?" என்பாள் அவினியா. அவினியா புது உடுப்பு போட்டால், "அத்தை, பிஷப்பே எழுந்து நின்னுடுவாரு," என்பாள் துமாய்னி. புகழ்ச்சியா கேலியா என்று அவினியா அதையே சர்ச் முடியும்வரை யோசித்துக்கொண்டிருப்பாள். இரண்டு பேருக்கும் நடுவில் மாட்டினால் காட்லிசன் கழுத்தை உள்ளே இழுத்துக்கொண்டு பரீட்சைத் தாள் திருத்தப் போய்விடுவான்.

பஸ் கதவு அலுத்துப்போனதும் துமாய்னி வண்டி ஓட்டக் கற்றாள். பிறகு சஃபாரி வழிகாட்டிகளுக்கான படிப்பையும் முடித்தாள். அப்போது பெண் டிரைவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். முதல் தடவை அவள் விமான நிலையத்துக்குப் போய் ஒரு ஜெர்மன் தம்பதியை ஏற்றினாள். பெட்டிகளை அடுக்கி, தண்ணீர் பாட்டில் கொடுத்து முடித்தபோது அந்த ஆள் கேட்டார், "டிரைவர் எப்போது வருவார்?"

"இதோ வந்துடுவார்," என்று சொல்லிவிட்டுக் கீழே இறங்கினாள். வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்தாள். டிரைவர் பக்கத்துக் கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்து திரும்பிப் பார்த்தாள். "வந்துட்டார். கிளம்பலாமா?"

அந்த ஜெர்மன்காரர் மறு வருஷம் எழுதிக் கேட்டு அதே டிரைவரை வரவழைத்தார்.

அவளுடைய பெரிய வித்தை மோப்பம். செரங்கெட்டியின் புல்வெளி நடுவே திடீரென்று வண்டியை நிறுத்துவாள். கண்ணை மூடி, மூக்கை உயர்த்தி, காற்றை இழுப்பாள். "சிங்கம்," என்பாள் மெல்ல. "இடது பக்கம். பெண் சிங்கம். சாப்பிட்டு முடிச்சிருக்கு." போய்ப் பார்த்தால் அப்படியே இருக்கும். வெள்ளைக்காரர்கள் வாயைப் பிளந்துவிடுவார்கள்.

மூக்குக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. எல்லாம் ரேடியோ. டிரைவர்கள் ஒருவருக்கொருவர் வண்டி ரேடியோவில் எங்கே எது நிற்கிறது என்று சொல்லிக்கொண்டே இருப்பார்கள். ஆனால் 'சிம்பா' என்றால் சிங்கம் என்று உலகத்தில் எல்லாக் குழந்தைக்கும் தெரிந்துபோய்விட்டது. ரேடியோவில் அந்தச் சொல் கேட்டால் பின்சீட்டில் எல்லோரும் எழுந்து நின்றுவிடுவார்கள். போய்ச் சேர்வதற்குள் சிங்கம் நகர்ந்துவிட்டால் முகம் தொங்கிவிடும். அதனால் டிரைவர்களுக்குள் மறைபெயர்கள் உண்டு. சிங்கத்துக்கு மீசை, யானைக்குக் காது என்று பழைய பெயர்கள் இருந்தன. துமாய்னி வந்த பிறகு அவை மாறின.

சிங்கத்துக்கு அவள் வைத்த பெயர் அத்தை.

நீர்யானைக்குக் கொழுந்தன். காட்லிசனின் தம்பி பாரிகியேலுக்குக் கறிக்கடை, சர்ச் பாட்டுக் குழுவில் அடிக்குரல். அவன் கொட்டாவி விட்டால் தெரு அடைபடும். ஆமைக்கு வீட்டுக்காரர். சிறுத்தைக்கு நாத்தனார். அதாவது ஹாப்பினஸ், காட்லிசனின் தங்கை, வங்கியில் வேலை. பெயரைத் தவிர வேறெங்கும் அவளிடம் சந்தோஷத்தைப் பார்க்கமுடியாது. "மரத்து மேலயே உட்கார்ந்திருப்பா, யாரையும் திரும்பிப் பார்க்கமாட்டா, வால் மட்டும் தொங்கும்," என்று துமாய்னி விளக்கம் சொன்னாள். எங்கள் சுவாஹிலியில் நாத்தனாருக்கு 'விஃபி' என்று பெயர். ஒருநாள் ரேடியோவில் "ஆத்தோரத்து மரத்துல விஃபி இருக்கு" என்று கேட்டதும், பின்சீட்டு ஸ்பெயின்காரர் குதித்து எழுந்து கைபேசியை மரத்தை நோக்கி நீட்டினார். அவர்கள் ஊரில் வைஃபைக்கு அப்படித்தான் உச்சரிப்பு.

டிரைவர்கள் வட்டாரத்தில் இந்தப் பெயர்கள் தீப்பிடித்த மாதிரி பரவின. அவரவருக்கும் ஒரு மாமியார் இருந்தாள், அதுதான் காரணம். ரேடியோவைத் திறந்தால், "அத்தை வரிக்குதிரையைத் துரத்தறாங்க, மூச்சு வாங்குது," என்றும், "கொழுந்தன் சேத்துல புரண்டுக்கிட்டிருக்கான்," என்றும் கேட்டுக்கொண்டே இருக்கும். மச்சாமேயில் வாழைக்கு மண் அணைத்துக்கொண்டிருந்த அவினியாவுக்குத் தான் செரங்கெட்டி முழுக்கப் பிரசித்தம் என்பது தெரியாது.

வினை கிறிஸ்துமஸ் விடுமுறையில் வந்தது. டிசம்பரில் எங்கள் ஆட்கள் எங்கிருந்தாலும் மலைக்குத் திரும்பிவிடுவார்கள். பக்கத்துத் தோட்டத்து ரெஹேமா, தன் மருமகன் தன்னைச் செரங்கெட்டிக்குக் கூட்டிப்போன கதையை வாழைப்பழச் சாராயத்தோடு ஊற்றி ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். சிங்கம் தன்னைப் பார்த்துத் தலையசைத்ததாகவும் சொன்னாள்.

அவினியா கோப்பையைக் கீழே வைத்தாள். "என் மருமக ஐரோப்பா முழுக்க ஏத்திக்கிட்டுப் போய்ச் சிங்கம் காட்டறா. எனக்கு இதுவரைக்கும் ஒரு அணிலைக் காட்டினதில்லை."

கூட்டம் மொத்தமும் துமாய்னியைப் பார்த்தது. துமாய்னி காட்லிசனைப் பார்த்தாள். காட்லிசன் கழுத்தை உள்ளே இழுத்துக்கொண்டான்.

பெருமழை ஓய்கிற மாதத்தில் சஃபாரி வண்டிகள் சும்மாத்தான் நிற்கும். முதலாளி ஒரு வண்டியைக் கொடுத்தார். துமாய்னி கிளம்புவதற்கு முன் செய்த முதல் வேலை, நண்பன் லெம்புரிஸைப் பிடித்தது. மாடுகளே உயிரென்று வாழும் மாசாய் இனத்துக்காரன், செரங்கெட்டி டிரைவர்களில் ரொம்ப நாள் பழக்கம்.

"தம்பி, வீட்டு ஆளுங்க வண்டியில இருப்பாங்க. எல்லாருக்கும் சுவாஹிலி தெரியும். நான் போய்ட்டு வர்ற வரைக்கும் ரேடியோவுல பழைய பேருங்களையே சொல்லச் சொல்லு."

"அக்கா, என் மாடுங்க மேல சத்தியம்," என்றான் லெம்புரிஸ். மாசாய்க்காரன் மாட்டின்மேல் சத்தியம் செய்தால் அதற்குமேல் கேட்பதற்கில்லை. ஆனால் லெம்புரிஸ் மாடுகளை விற்று மோட்டார் சைக்கிள் வாங்கியிருந்தது துமாய்னிக்குத் தெரியாது.

முதல் நாள் மன்யாரா. அவினியா முன்சீட்டில், ஞாயிற்றுக்கிழமைத் தொப்பியோடு. மடியில், வாழைக்காயும் இறைச்சியும் போட்டுக் குழைய வேகவைத்த மச்சலாரிப் பானை. ஓட்டல் சாப்பாட்டை அவள் நம்புவதில்லை. காட்டுக்குள் நுழைந்ததும் பாரிகியேல், "அம்மா, குரங்கு, ஜன்னலை மூடு," என்றான்.

"குரங்கை நான் பார்த்ததில்லையா? நம்ம காப்பித் தோட்டத்துல இல்லாத குரங்கா?"

மன்யாராவின் பாபூன்கள் தோட்டத்துக் குரங்குகள் இல்லை. தடித்த கிழவன் ஒன்று ஜன்னலில் ஏறி, அவினியாவை நிதானமாக ஒரு பார்வை பார்த்து, பானையைத் தூக்கிக்கொண்டு இறங்கியது. கூட்டம் பாதையோரம் பந்தியில் உட்கார்ந்தது. ஒன்று வாழைக்காயைக் கடித்து முகத்தைச் சுளித்துத் துப்பியது.

"உப்பு கம்மி போல," என்றாள் துமாய்னி.

"நீ வண்டியை ஓட்டு."

இரண்டாம் நாள் கோரோங்கோரோ. பள்ளத்தாக்கு முழுக்கப் பாலை ஊற்றியதுபோல் பனிமூட்டம். காலையிலிருந்து மதியம்வரை பார்த்ததெல்லாம் ஒரு வரிக்குதிரையின் பின்பக்கம். ஹாப்பினஸ் கம்பளியைப் போர்த்திக்கொண்டு, "இதுக்கு லீவு போட்டேன்," என்றாள். காட்லிசனுக்கு வளைவுகளில் வயிற்றைப் புரட்டியது. பாரிகியேல் பசிக்கிறது என்று பாட்டாகவே பாடினான்.

மூன்றாம் நாள் செரங்கெட்டி. புல் இடுப்பளவு வளர்ந்திருந்தது. அதில் சிங்கம் என்ன, யானை படுத்தாலே தெரியாது. துமாய்னி ரேடியோவைத் தொடவில்லை. குமிழை அணைத்து அதன்மேல் ஒரு துணியையும் போட்டிருந்தாள். சுற்றிச் சுற்றி வந்தாள். புல், மறுபடி புல், அதற்கு அப்பால் புல்.

"ஆக, உன் வேலை இதுதான்," என்றாள் அவினியா. "புல்லைக் காட்டறது. எங்க மாட்டைக் கூட்டிட்டு வந்திருக்கலாம், அதாவது சந்தோஷப்பட்டிருக்கும்."

துமாய்னி வண்டியை நிறுத்தினாள். கண்ணை மூடினாள். மூக்கை உயர்த்தினாள். பழக்கதோஷம்.

"என்னடி, சளியா?"

அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. எத்தனை நாட்டு ஆட்கள் வாய் பிளந்த வித்தை அது! லெம்புரிஸ் சத்தியம் செய்திருக்கிறானே என்ற தைரியத்தில் துணியை எடுத்தாள். குமிழைத் திருகினாள்.

ரேடியோ தொண்டையைக் கனைத்துக்கொண்டது. "துமாய்னி அக்கா, துமாய்னி அக்கா, எங்க போனீங்க? உங்க அத்தை இங்க பெரிய பாறைமேல மல்லாந்து தூங்கறாங்க."

லெம்புரிஸின் குரல். தேனாக வழிந்தது.

முன்சீட்டில் அவினியாவின் தொப்பி மெல்லத் திரும்பியது.

"ரொம்பச் சாப்பிட்டுட்டாங்க அக்கா. வயிறு ரெண்டு பக்கமும் சரிஞ்சு கிடக்குது. நாலு காலையும் வானத்துக்குத் தூக்கிட்டாங்க."

"காட்லிசா," என்றாள் அவினியா. "நான் இங்கதானே உட்கார்ந்திருக்கேன்?"

"ஆமாம்மா."

துமாய்னி குமிழை நோக்கிக் கையை நீட்டினாள். அவினியா அந்தக் கையை அப்படியே பிடித்துக்கொண்டாள். வாழைத்தாரைத் தலைமேல் தூக்கிப் பழகிய பிடி.

இன்னொரு குரல் கேட்டது. "அக்கா, கொழுந்தன் கும்பலாக் குட்டையில கிடக்கறானுங்க. நாத்தம் தாங்கல."

"கொழுந்தன் யாரு?" என்றான் பாரிகியேல் பின்சீட்டிலிருந்து.

மூன்றாவது குரல்: "நாத்தனாரை யாரும் பார்த்தீங்களா? மழை பெஞ்சதுலேருந்து மூஞ்சியைக் காட்டல. எந்த மரத்துல மொறைச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்காளோ."

ஹாப்பினஸ் போர்வையை விலக்கி நிமிர்ந்தாள்.

அதற்குமேல் மறைக்க ஒன்றும் இல்லை. துமாய்னி நேராகப் புல்லைப் பார்த்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னாள். மறைபெயர் எதற்கு, யாருக்கு எது, யார் வைத்தது. சொல்லி முடித்ததும் காட்லிசன் மெல்லக் கேட்டான், "எனக்கு ஒண்ணும் வைக்கலையா?"

"ஆமை."

அவன் கொஞ்சம் யோசித்தான். "சரியாத்தான் இருக்கு."

"எனக்கு நீர்யானையா!" பாரிகியேலின் அடிக்குரலில் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. "அண்ணி, நீர்யானையா?"

"தம்பி, நீங்க இப்போ பேசின சத்தத்தை நீங்களே கேளுங்க."

அவினியா இன்னும் கையை விடவில்லை. "எனக்கு என்ன சொன்ன?"

"சிங்கம் அத்தை."

"எத்தனை வருஷமா?"

"வேலைக்குச் சேர்ந்ததிலேருந்து."

"எல்லா டிரைவருக்கும் தெரியுமா?"

"தெரியும் அத்தை."

அவினியா கையை விட்டாள். தொப்பியைச் சரிசெய்தாள். உதட்டோரம் ஏதோ துடித்தது. அதை அவள் அழுத்தி அடக்கியதை அந்த வண்டியில் துமாய்னி ஒருத்திதான் பார்த்தாள். "ரெஹேமாவோட மருமகன் அவளுக்கு என்ன பேரு வச்சிருக்கான்?"

"அவர் டிரைவர் இல்லையே அத்தை. சிமெண்ட் வியாபாரம்."

"அதானே." அவினியா ரேடியோவின் ஒலிவாங்கியைக் கொக்கியிலிருந்து எடுத்தாள். "இதுல எப்படிப் பேசறது?"

"பட்டனை அழுத்திக்கிட்டுப் பேசணும்மா," என்றான் பாரிகியேல், துக்கத்தையும் மீறி.

அவள் அழுத்தினாள். "நான் துமாய்னியோட மாமியார் பேசறேன். மச்சாமே அவினியா. என் வயித்தைப் பத்திப் பேசினது யாரு?"

செரங்கெட்டி முழுக்க ரேடியோ செத்துப்போனது. எந்தெந்த மரத்தடியில், எந்தெந்த ஆற்றங்கரையில், எத்தனை டிரைவர்கள் உறைந்துபோய் உட்கார்ந்திருந்தார்களோ தெரியாது. துமாய்னியைக் கிண்டல் செய்யத்தான் திட்டம் போட்டிருந்தார்கள். மாமியாரே பதில் பேசுவாள் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை.

கடைசியில் லெம்புரிஸின் குரல் வந்தது, தேன் வற்றிப்போய். "ஷிகமூ, அம்மா."

பெரியவர்களைக் கண்டால் காலைத் தொட்டதாகச் சொல்லும் வணக்கம் அது. ஒருவன் ஆரம்பித்ததும் மற்றவர்களுக்கும் நாக்கு திரும்பியது. "ஷிகமூ, அம்மா." "ஷிகமூ, அம்மா." ஒவ்வொருத்தனாக, வரிசையாக, ஆற்றோரத்திலிருந்தும் பாறைப் பக்கத்திலிருந்தும் வடக்கு வாசலிலிருந்தும் வணக்கம் வந்துகொண்டே இருந்தது. அவினியா ஒவ்வொன்றுக்கும் பொறுமையாக, "மரஹபா, மரஹபா," என்று ஆசி சொன்னாள். சர்ச்சில் மூப்பர் பதவி கொடுத்த அன்றைக்குக்கூட அவளுக்கு இத்தனை வணக்கம் கிடைத்ததில்லை.

"தம்பி லெம்புரிஸ்," என்றாள் கடைசியில். "அந்தப் பாறைகிட்ட எத்தனை வண்டி நிக்குது?"

"மூணு அம்மா."

"எல்லாரும் தள்ளி நில்லுங்க. அவளை எழுப்பக்கூடாது. நான் வர்றேன்."

போய்ச் சேர்ந்தபோது மூன்று வண்டிகளும் பள்ளிக்கூடப் பிள்ளைகள்போல ஒதுங்கி நின்றன. டிரைவர்கள் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்திருந்தார்கள். அவர்கள் பின்னால் இருந்த பயணிகள், யாரோ அமைச்சர் வருகிறாரென்று நினைத்து, சிங்கத்தை விட்டுவிட்டு அவினியாவைப் படம் எடுத்தார்கள்.

வயதான சிங்கம். ஒரு காது கிழிந்திருந்தது. லெம்புரிஸ் சொன்னதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை, நாலு காலும் வானத்தில்தான் இருந்தன. இரண்டு குட்டிகள் அதன் வயிற்றில் ஏறிச் சறுக்கி விளையாடின. தூரத்தில் பிடரிமயிரோடு ஓர் ஆண் சிங்கம், எலும்பை வைத்துக்கொண்டு நக்கிக்கொண்டிருந்தது.

"அவன் என்ன பண்ணுவான்?" என்று கேட்டாள் அவினியா.

"ஒண்ணும் பண்ணமாட்டான் அத்தை. வேட்டை இவதான். முதல்ல சாப்பிடறது அவன்."

"ஓஹோ," என்றாள் அவினியா. திறந்த மேற்கூரை வழியாக எழுந்து நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள். தொப்பியில் வெயில் ஏறியது.

வெயில் சிங்கத்துக்கும் ஏறியது. அது எழுந்து, சோம்பல் முறித்து, பாறையிலிருந்து இறங்கியது. நேராக இவர்கள் வண்டிக்கு வந்தது. வண்டி நிழலில், அவினியாவின் கதவுக்குக் கீழே, சக்கரத்தின்மேல் தலையைச் சாய்த்துப் படுத்துவிட்டது.

ஹாப்பினஸ் கண்ணை இறுக மூடிக்கொண்டு ஜபம் செய்தாள். பாரிகியேல் முதல்முறையாகக் கிசுகிசுத்தான். அவனுக்கும் கிசுகிசுக்க வரும் என்பது குடும்பத்துக்கே புதுத்தகவல்.

"வண்டியை எடுத்தா அடியில மாட்டிக்கும்," என்றாள் துமாய்னி. "அதுவா எழுந்து போறவரைக்கும் இருக்கணும்."

"இருக்கட்டும்," என்றாள் அவினியா. "பாவம், பாடுபட்டவ தூங்கட்டும். யாரும் சத்தம் போடாதீங்க."

பெருந்தன்மையாகத்தான் சொன்னாள். ஆனால் காலையிலிருந்து ஒரு ஃபிளாஸ்க் இஞ்சி டீ முழுக்க அவள்தான் குடித்திருந்தாள். சிங்கம் தூங்கியது. அவினியா சீட்டில் உட்கார்ந்தாள். பிறகு காலை மாற்றிப் போட்டாள். மறுபடி மாற்றினாள். பிறகு மருமகள் காதருகே குனிந்தாள்.

"இங்க அதுக்கெல்லாம் இடம் எங்க?"

"எதுக்கு அத்தை?"

"தெரியாத மாதிரி கேட்காதடி."

"சாப்பாட்டு மேடைப் பக்கம் இருக்கு அத்தை. அரை மணி நேரம் போகணும். வண்டியை விட்டு இறங்கக்கூடாது, சட்டம். இறங்கினாலும்…" துமாய்னி கண்ணால் கீழே காட்டினாள்.

ரேடியோவில் லெம்புரிஸ், "துமாய்னி அக்கா, ஏன் நகரமாட்டேங்கறீங்க?" என்றான்.

"அத்தைக்கு அவசரம்."

"எந்த அத்தைக்கு?"

"மேல இருக்கற அத்தைக்கு. கீழ இருக்கற அத்தை விடமாட்டேங்கறாங்க."

மற்ற மூன்று வண்டிகளும் குலுங்குவது இங்கிருந்தே தெரிந்தது. துமாய்னி இன்ஜினைப் போட்டுப் பார்த்தாள். சிங்கத்துக்கு அது தாலாட்டாக இருந்தது. காட்லிசன் கையைத் தட்டினான், ஆனால் மிக மெல்லத் தட்டியதால் அவனுக்கே கேட்கவில்லை. அவினியா உதட்டைக் கடித்துக்கொண்டு ஒரு நிமிடம் பொறுத்தாள். இன்னொரு நிமிடம் பொறுத்தாள். பிறகு பெருந்தன்மை முடிந்தது. எழுந்து மேற்கூரைக்கு வெளியே தலையை நீட்டி, இடுப்பில் கைவைத்து, கீழே பார்த்து இடியாக முழங்கினாள்.

"எழுந்திரு! இதென்ன தூங்கற நேரமா? சூரியன் எங்க வந்தாச்சு பாரு! பிள்ளைங்க பட்டினி கிடக்குது!"

சிங்கம் துள்ளி எழுந்தது. காதைப் பின்னால் மடித்து, மேலே பார்த்தது. பிறகு எங்கேயோ நேரமாகிவிட்டதுபோல் விறுவிறுவென்று குட்டிகளை நோக்கி நடந்தது.

வண்டிக்குள் துமாய்னியும் எழுந்து நின்றுகொண்டிருந்தாள். கால்கள் இந்தத் தடவையும் அவளைக் கேட்கவில்லை. தலை கூரை விளிம்பில் இடித்தது.

அதைப் பார்த்த அவினியாவுக்குத்தான் முதலில் சிரிப்பு வந்தது. அடக்கி அடக்கி, முடியாமல், வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "சிரிக்க வைக்காதடி, என்னால முடியாது, வண்டியை எடுடி, எடு!" என்று அலறினாள். அந்த அரை மணி நேரப் பாதையைத் துமாய்னி எவ்வளவு நேரத்தில் கடந்தாள் என்பதைப் பூங்காக் காவலர்களிடம் யாரும் சொல்லவில்லை.

அன்று சாயங்காலமே புதுப் பெயர்கள் முடிவாயின. சிங்கம் சிங்கமாகவே, அதாவது அத்தையாகவே இருக்கலாம் என்று அவினியா அனுமதி கொடுத்தாள். ஹாப்பினஸ் தனக்குச் சிறுத்தை வேண்டாம், ஒட்டகச்சிவிங்கி போதும், அதுதான் நடை அழகு என்றாள். பாரிகியேல் யானை கேட்டான், கிடைக்கவில்லை. "ஒண்ணு பாக்கி இருக்கு," என்று அவினியா மறுபடி ஒலிவாங்கியை எடுத்தாள். "தம்பிகளா, ஆத்துல கிடக்குதே முதலை, அதுக்கு இன்னையிலேருந்து மருமகள்னு பேரு. எல்லாப் பல்லையும் காட்டும், ஒரு வேலையும் செய்யாது."

"உத்தரவு அம்மா," என்றது செரங்கெட்டி.

இப்போது துமாய்னியின் நாட்கள் இப்படித்தான் போகின்றன. "மருமக வாயைத் திறந்துக்கிட்டு வெயில் காயறா," என்று கூப்பிடுகிறார்கள், பயணிகளிடம் அவள் மூக்கை உயர்த்தி, "முதலை," என்கிறாள். மச்சாமேயில் ரெஹேமா செரங்கெட்டிப் பேச்சை எடுப்பதை நிறுத்திவிட்டாள். தலையசைத்த சிங்கம் எங்கே, சொன்ன பேச்சைக் கேட்ட சிங்கம் எங்கே? வாரா வாரம் சனிக்கிழமை அவினியா போன் செய்வாள்.

"நான் எங்கடி இருக்கேன்?"

"ஆத்தோரம் அத்தை. நேத்து ஒரு வரிக்குதிரை அடிச்சீங்க."

"அவன் முதல்ல தின்னுட்டானா?"

"நீங்க ஒரு அறை விட்டீங்க. தள்ளி உட்கார்ந்துட்டான்."

"நல்லது," என்று போனை வைப்பாள்.

வறட்சிக் காலம் வந்தபோது கிழிந்த காதுக்காரியைக் காணவில்லை. லெம்புரிஸ் பாறைப் பக்கமெல்லாம் தேடினான். குட்டிகள் வேறு ஒருத்தியோடு திரிந்தன. துமாய்னி சனிக்கிழமைகளில் கதையை நிறுத்தவில்லை. கதையில் அத்தை எருமை அடித்தாள், கழுதைப்புலிகளை விரட்டினாள், ஒருநாள் ஆற்றையே நீந்திக் கடந்தாள். வாய்க்குப் பஞ்சமா?

அவினியா கேட்டுக்கொண்டே வந்தாள். ஒரு சனிக்கிழமை, எருமை பாதி துரத்தப்பட்டிருக்கும்போது, "போதும்டி," என்றாள். "என் வயசுல யாருடி ஆத்தை நீந்துவா? அவ போய்ட்டாளா?"

துமாய்னி எருமையை அங்கேயே விட்டாள். "தெரியல அத்தை. மழை நின்னதுலேருந்து யாரும் பார்க்கல."

மறுமுனையில் மாடு ஒன்று கத்தியது. அவினியா அதை ஒரு அதட்டல் போட்டு அடக்கிவிட்டுத் திரும்பவும் போனுக்கு வந்தாள்.

"குட்டிங்க?"

"நல்லா இருக்குதுங்க. அவங்க தங்கச்சி மாதிரி ஒருத்தி பார்த்துக்கறா."

"அப்ப சரி. எனக்கு வேற ஒருத்தியைப் பாரு. இந்தத் தடவை சின்ன வயசா, பல்லெல்லாம் நல்லா இருக்கறவளாப் பாரு. காதும் முழுசா இருக்கணும்."

"சரி அத்தை."

"அந்தத் தங்கச்சி வேண்டாம். ஒரே வீட்டுல ரெண்டு பேரு சரிப்படாது."

மறுநாள் காலை துமாய்னி நாலு பிரெஞ்சுக்காரர்களை ஏற்றிக்கொண்டு கிளம்பினாள். பாதித் தூரம் போனதும் வண்டியை நிறுத்தினாள். மூக்கை உயர்த்துவாள் என்று அவர்கள் காத்திருந்தார்கள். அவள் ரேடியோவை எடுத்து, "தம்பிகளா, அவசரம்," என்றாள். "எங்க வீட்டுக்கு ஒரு நல்ல மாமியார் வேணும்."